எம்.டெக்.கா, ஆய்வு எம்.எஸ்.ஸா?

வாசகர் கேள்வி: அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமம் என் ஊர். அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரகடத்தில் அலுமினிய ரேடியேட்டர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 25. கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக். தெர்மல் பவர் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. மெக்கானிக்கல் துறையின் ஆய்வு எம்.எஸ். நேர்காணலிலும் தேர்வாகியிருக்கிறேன். எம்.டெக். இரண்டு வருடத்தில் முடிந்துவிடும், எம்.எஸ். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. அப்பாவுக்கு என் கல்யாணக் கவலை. எனக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே சிரமம். ஆனால் ஒன்று: மழைக்காலம் வந்தால் பாகங்களைச் சூடாக்கி இணைக்கும் எங்கள் பிரேசிங் பர்னஸிலிருந்து வரும் பீஸ்களில் லீக் ஆவது கூடுகிறது. ஏன் என்று கேட்டால், 'ஃபிளக்ஸைக் கூட்டிப் போட்டு டார்கெட்டை முடிம்மா' என்கிறார்கள். நான் மட்டும் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஆய்வுப் படிப்பு எனக்குச் சரிவருமா, சார்?

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் அந்த நோட்டிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

அலுமினியத்தை நைட்ரஜன் சூழலில் சுமார் 600 டிகிரி செல்சியஸில் பிரேஸ் செய்யும்போது, பர்னஸுக்குள் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 100 பங்குக்குக் கீழும், டியூ பாயின்ட் (வாயுவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைக் காட்டும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கமான அளவு. ஈரம் உள்ளே வந்தால் அது ஆக்சைடு படலத்தை நீக்கப் போடும் ஃபிளக்ஸோடு வினைபுரிந்து அதன் திறனைக் குறைக்கும், அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் தடிக்கும், பிரேஸிங் உலோகம் சரியாக ஓடி மூட்டில் நிரம்பாது. ஃபிளக்ஸைக் கூட்டினால் ரிஜெக்‌ஷன் குறையலாம், காரணம் அப்படியே இருக்கும். நீங்கள் யாரும் சொல்லாமலேயே காரணத்தின் பக்கம் போயிருக்கிறீர்கள்.

ஆனால் அந்த நோட்டில் இப்போது இருப்பது தேதியும் லீக் எண்ணிக்கையும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு டியூ பாயின்ட் மீட்டர் என்ன காட்டியது? பீஸ்கள் பர்னஸுக்குள் போகும் முன் நன்றாக உலர்ந்திருந்தனவா? நைட்ரஜன் ஓட்டம் எவ்வளவு? அந்த ஷிஃப்டில் ஃபிளக்ஸ் கலவையை மாற்றினார்களா? இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? 'மழை வந்தால் லீக் கூடுகிறது' என்பதிலிருந்து இந்தக் கேள்விகளுக்குப் போவதைத்தான் ஆய்வுப் படிப்பு சொல்லிக்கொடுக்கிறது. ஆர்வம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. முறையைக் கற்றுக்கொள்ளத்தான் அங்கே போகிறீர்கள்.

எம்.டெக்.கில் முதல் வருடம் பெரும்பாலும் பாடங்கள், இரண்டாம் வருடம் புராஜெக்ட். கால அட்டவணை கறாரானது, வகுப்பு முழுக்க ஒன்றாக முடிக்கும். ஆய்வு எம்.எஸ்.ஸில் பாடங்கள் குறைவு, தீசிஸ் எனும் ஆய்வேடுதான் பட்டம். அதைத் துறைக்கு வெளியே உள்ள தேர்வாளரும் படித்து, கேள்வி எழுதி, அவர் சரி என்ற பிறகுதான் வைவா எனும் வாய்மொழித் தேர்வு நடக்கும். இரண்டு வருடத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டரை, மூன்று என்று போகிறவர்களும் நிறைய. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முன்பு எம்.எஸ்சி. இன்ஜினியரிங் என்றிருந்து, இப்போது ஆய்வு எம்.டெக். என்ற பெயரில் நடப்பதும் இதே வகைப் படிப்புதான். அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஆய்வு எம்.எஸ். உண்டு. 'நாளைக்கு லெக்சரர் வேலைக்கு எம்.எஸ். செல்லுமா' என்று வீட்டில் யாராவது கேட்டால், தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிகளில் உதவிப் பேராசிரியர் தகுதியில் எம்.இ., எம்.டெக். இரண்டோடு எம்.எஸ்.ஸும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

என் கருத்தைக் கேட்கிறீர்கள். தெர்மல் துறையில் பாடங்களை விரிவாகப் படித்து, இரண்டு வருடத்தில் நல்ல கோர் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் குறிக்கோள் என்றால் திருச்சிக்குப் போங்கள். அது எந்த வகையிலும் குறைந்த படிப்பு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை எழுதியவருக்கு எம்.எஸ்.ஸைத்தான் சொல்வேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: வழிகாட்டி யார் என்று தெரிந்துகொண்டு சேருங்கள். ஐ.ஐ.டி. என்ற பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எம்.டெக்.கில் ஓர் ஆசிரியர் சரியில்லை என்றால் ஒரு பாடம் போகும். எம்.எஸ்.ஸில் வழிகாட்டியோடு ஒத்துப்போகவில்லை என்றால் எல்லாமே நின்றுவிடும். எந்தப் பிரச்சினையை எடுப்பது, எந்தக் கருவி வாங்குவது, எப்போது தீசிஸ் எழுதத் தொடங்கலாம், எப்போது போதும் என்று சொல்வது, எல்லாம் அவர் கையில். நல்ல மாணவர்கள் சோர்ந்துபோய்ப் பாதியில் விட்டுப் போனதையும், சராசரி மதிப்பெண்ணோடு வந்தவர்கள் அருமையான தீசிஸ் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் பெரும்பாலும் வழிகாட்டிதான் காரணம்.

எப்படித் தெரிந்துகொள்வது? பேராசிரியரின் பக்கத்தைப் பார்த்தால் விருதுகளும் கட்டுரைப் பட்டியலும் இருக்கும். அதில் கட்டுரைகளின் முதல் பெயர் மாணவர் பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த லேபில் இப்போது இருக்கும் ஸ்காலர்களில் இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள். ஒரகடத்திலிருந்து கிண்டிக்கு ஒரு சனிக்கிழமை போய்வரலாம். கடைசியாக எம்.எஸ். முடித்தவர்களுக்கு எவ்வளவு காலம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் போனவர்கள் உண்டா, வாரம் ஒருமுறையாவது சார் உட்கார்ந்து பேசுவாரா, எழுதிக் கொடுத்த டிராஃப்ட் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று கேளுங்கள். பிள்ளைகள் முதலில் மழுப்புவார்கள். கேன்டீனில் டீ குடிக்கும்போது கேட்டால் உண்மை வரும். டிராஃப்ட் திரும்பி வரும் நாளைக் கேட்க மறக்காதீர்கள். மூன்று மாதமாக மேசையில் கிடக்கிறது என்று யாராவது சொன்னால், வேறு எந்தப் பாராட்டையும் நம்பாதீர்கள்.

பெரிய லேபா, புதிதாகச் சேர்ந்த இளம் பேராசிரியரா என்ற கேள்வியும் வரும். பெரிய லேபில் கருவிகள் தயாராக இருக்கும், பணம் இருக்கும், ஆனால் பி.எச்டி. மாணவர்கள் கூட்டத்தில் எம்.எஸ். மாணவருக்குப் பேராசிரியரின் நேரம் கிடைப்பது கஷ்டம். அப்படி இருந்தால் உங்களைத் தினமும் பார்த்துக்கொள்ளப்போகும் சீனியர் யார் என்று கேளுங்கள். இளம் பேராசிரியர் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார், ஆனால் லேபே காலியாக இருக்கலாம், ரிக் எனும் சோதனை அமைப்பைக் கட்டுவதிலேயே ஒரு வருடம் போகலாம். என்னைக் கேட்டால், ஏதாவது ஒரு ரிக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இளம் பேராசிரியரின் லேப்தான் உங்களுக்குப் பொருத்தம். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நீண்ட விடுப்பில் வெளிநாடு போகவிருப்பவர் என்றால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சில துறைகளில் சேர்ந்த பிறகுதான் விருப்ப வரிசை கேட்டு வழிகாட்டியை ஒதுக்குவார்கள். அப்படியானாலும் முன்கூட்டியே மெயில் எழுதிப் பேசிவிடுவது நல்லது. மெயிலில் 'உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்' என்று மட்டும் எழுதாதீர்கள், அதை எல்லோரும் எழுதுகிறார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஒரு இடத்தைக் கேளுங்கள். அதன் கீழே உங்கள் மழைக்கால நோட்டைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள், ஆனால் கம்பெனியின் உள் விவரங்கள் எதையும் சேர்க்காமல்.

அடுத்தது பிரச்சினையைத் தேர்வது. நேர்காணலில் மின்வாகன பேட்டரி கூலிங் பற்றிப் பேசியிருந்தால் வியப்பில்லை, இப்போது தெர்மல் லேப்கள் நிறைய அந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 'மின்வாகன பேட்டரியைக் குளிர்விப்பது' என்பது தீசிஸ் ஆகாது, அது ஒரு துறை. 'திரவம் ஓடும் கோல்டு பிளேட் எனும் குளிர்விப்புத் தகட்டின் மேல் இத்தனை செல்கள் வைத்து, சேனல்களின் அமைப்பை மட்டும் மாற்றினால் செல்களுக்கு இடையே வெப்பநிலை வித்தியாசம் எப்படி மாறுகிறது' என்பது தீசிஸ் ஆகும். லித்தியம் அயான் செல்களை ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது என்றும், ஒரு பேக்கில் செல்களுக்கு இடையே வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டக்கூடாது என்றும் பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் நீங்கள் அளக்கப்போவது ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசங்களைத்தான்.

இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண கே வகைத் தெர்மோகப்பிளை, அதாவது வெப்பநிலை அளக்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 2.2 டிகிரி. 2 டிகிரி வித்தியாசத்தை 2.2 டிகிரி பிழையுள்ள கருவியால் அளந்து கிராஃப் போட்டால் அது எதையும் நிரூபிக்காது. டி வகையின் எல்லை 1 டிகிரி, கொஞ்சம் தேவலாம். எதுவானாலும், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு தெர்மோகப்பிளையும் அதன் டேட்டா லாகரோடு சேர்த்து, நிலையான வெப்பநிலைத் தொட்டியில் வைத்து, நம்பகமான ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டு கேலிப்ரேட் செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு அளவின் பிழையும் கடைசி விடைக்குள் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணக்கிட வேண்டும். கிளைன், மெக்கிளின்டாக் என்ற இருவர் 1953-ல் சொன்ன முறையைத்தான் இன்றும் தெர்மல் லேப்களில் பயன்படுத்துகிறோம். கேலிப்ரேஷனுக்கு ஒரு மாதம் போனால் 'ஒன்றுமே செய்யவில்லை' என்று தோன்றும். அந்த மாதம்தான் உங்கள் தீசிஸைக் காப்பாற்றும். வைவாவில் தேர்வாளர் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான். குவாலிட்டி பிரிவில் இருந்து வருகிறவர் என்பதால் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட ஒரு படி மேலேதான் இருப்பீர்கள்.

காலம் எங்கே போகிறது என்று நண்பர்களிடம் கேட்டுப்பாருங்கள். பயமுறுத்துகிறார்களே தவிரக் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். நான் பார்த்தவரை முதல் காரணம் கருவிகள் வந்து சேராதது. அரசு நிறுவனத்தில் இன்டென்ட் போட வேண்டும், கொட்டேஷன் வாங்க வேண்டும், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் தேட வேண்டும், ஒப்புதல் வர வேண்டும். வெளிநாட்டு சென்சார் என்றால் மாதக்கணக்கில் ஆகும். அதனால் பாடங்கள் ஓடும் முதல் செமஸ்டரிலேயே என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலை வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பொருள் வரும்வரை சும்மா இருக்காமல் சிமுலேஷன் மாடலை உருவாக்கி, யாராவது ஏற்கெனவே வெளியிட்ட சோதனை முடிவோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்த்து வையுங்கள். இரண்டாவது காரணம், நடுவழியில் தலைப்பை மாற்றுவது. மூன்றாவது, லேபின் பொது வேலைகள்: கன்சல்டன்சி டெஸ்ட், பில் எழுதுவது, விருந்தினர் வந்தால் டெமோ காட்டுவது. கொஞ்சம் செய்யத்தான் வேண்டும். வாரத்தில் பாதி அதற்கே போகிறது என்றால் தயங்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று இருக்கிறது. சோதனைகள் முடிந்திருக்கும், கேம்பஸில் வேலையும் கிடைத்திருக்கும், 'தீசிஸை அங்கே போய் எழுதிக்கொள்கிறேன்' என்று கிளம்பிவிடுவார்கள். ஒன்பது மணி நேர வேலைக்குப் பிறகு யாரால் எழுத முடியும்? தீசிஸைச் சமர்ப்பித்துவிட்டு வேலையில் சேருங்கள். கம்பெனியிடம் இரண்டு மாத அவகாசம் கேட்டால் பலர் கொடுப்பார்கள்.

பணம். கேட் தகுதியோடு வரும் முதுநிலை மாணவருக்கு மாத உதவித்தொகை 12,400 ரூபாய். அதற்குப் பதிலாக வாரத்தில் சில மணி நேரம் லேபிலோ வகுப்பிலோ உதவி செய்ய வேண்டும். ஹாஸ்டல், மெஸ், செமஸ்டர் கட்டணம் போக மிச்சம் அதிகம் இருக்காது. கடன் தவணையை அதிலிருந்து கட்ட முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். சேரும் முன்பே வங்கிக்குப் போய், மேற்படிப்புக் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புக்கொண்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இதுவரை சேமித்ததில் கடனை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்துவிட்டு வாருங்கள். வழிகாட்டியிடம் புராஜெக்ட் நிதி இருந்தால், புராஜெக்ட் ஊழியராக இருந்துகொண்டே எம்.எஸ். படிக்கும் வழி உண்டா என்று கேட்டுப்பாருங்கள். சம்பளம் உதவித்தொகையைவிடக் கூடுதலாக இருக்கும், ஆனால் புராஜெக்ட் வேலையும் உங்கள் தீசிஸும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். இடையில் பி.எச்டி.க்கு மாறிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள். அந்த வழி இருக்கிறது, உதவித்தொகையும் உயரும். கடனும் குடும்பமும் இருக்கும் உங்கள் நிலையில், ஒரு வருடம் ஆய்வு செய்து பார்த்த பிறகு அதை முடிவு செய்யுங்கள்.

ஆங்கிலம் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலம் கதை எழுதும் ஆங்கிலம் இல்லை. சின்ன வாக்கியங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். முதலில் சோதனை முறையை எழுதிப் பழகுங்கள், ஏனென்றால் செய்ததைச் செய்தபடி சொன்னால் போதும். லேப் நோட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுங்கள், தப்பே இல்லை, ஆனால் தினமும் எழுதுங்கள். அடுத்தவர் வாக்கியத்தை எடுத்து ஒட்டும் பழக்கம் மட்டும் வரவே கூடாது. யு.ஜி.சி.யின் 2018 விதிகள் 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தாலே கேள்வி கேட்கும், அதற்கும் மேலே போனால் தண்டனையும் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இலக்கணம் திருத்த வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் தேட வேண்டாம், இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோலவே எழுதித் தரும். கணக்கில் பயம் என்றால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சேரும் வரை வெப்பக் கடத்தலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் பாருங்கள். தீசிஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்டி. தீசிஸ்கள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அப்பா விஷயம். இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். ஐயா, உங்கள் மகள் யாரும் கேட்காமலே ஒரு பிரச்சினையை நோட்டுப் போட்டு எழுதி வருகிறார். அப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவர் வருவதே அரிது. மூன்று வருடம் ஆனாலும் 28 வயதில் கையில் பட்டத்தோடும் வேலையோடும் நிற்பார். கல்யாணம் அதற்கு முன்பு அமைந்தாலும் சரி, பின்பு அமைந்தாலும் சரி, படிப்பை முடிக்க விடுகிற வீடா என்று மட்டும் பாருங்கள். திருமணமான மாணவிகள் எத்தனையோ பேர் தீசிஸ் முடித்திருக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. என்.ஐ.டி. இடத்தை உடனே விட்டுவிடாதீர்கள். கவுன்சலிங்கில் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இடத்தை விட்டுவிடக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், அதற்கு முன் லேபுக்குப் போய் ஸ்காலர்களைப் பார்த்துவிடுங்கள். பார்த்த இரண்டு மூன்று லேபிலும் மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் திருச்சிக்கே போங்கள், அங்கேயும் இரண்டாம் வருடப் புராஜெக்டை நல்ல ஆய்வாகச் செய்ய முடியும். வேலையை விடும்போது நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதுவரை இருக்கும் வாரங்களில், மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, பர்னஸின் டியூ பாயின்ட்டையும் உங்கள் நோட்டில் ஒரு தனி நெடுவரிசையாகச் சேர்த்து எழுதி வாருங்கள்.